நில்லாத செய்மதியும் நிற்காத பொய்யும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, சித்தங்கேணியில் உள்ள எமது வீட்டு முற்றத்தில் ஐந்து பேர் கூடியிருந்தோம். நான், என் மனைவி, பக்கத்து வளவு மாஸ்டர், அவருடைய பேத்தி, பேத்தியின் தோழி ஒருத்தி. கிணற்றடிக்கும் தேசி மரத்துக்கும் இடைப்பட்ட வெளியில் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்று நின்றது. "மாமா, நீங்கள் பேப்பர் வாசிச்சது காணும், இனி வானத்தை வாசியுங்கோ" என்று சொல்லி, ரொறன்ரோவிலிருந்து வந்த என் மருமகன் விட்டுச் சென்ற பொருள் அது.

நாங்கள் கூடியதற்குக் காரணம் அன்று காலை மாஸ்டர் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஒரு செய்தி. வாசக அன்பர்களில் பெரும்பாலோருக்கும் அது என்றோ ஒருநாள் வந்திருக்கும். காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் கோயிலுக்கு மேலாகச் செல்லும் செய்மதிகள் யாவும் மூன்று விநாடிகள் செயலிழந்து நின்று, பின்னர் தம் வழியே போகின்றனவாம். சனிக்கோளிலிருந்து வரும் கருநீலக் கதிர்கள் அக்கோயிலின் மேல் விழுவதே அதற்குக் காரணமாம். அதைக் கண்டு திகைத்த நாசா விஞ்ஞானிகள் நேரில் வந்து கும்பிட்டுச் சென்றார்களாம். முதலில் மின்னஞ்சலில் சுற்றியது. பிறகு முகநூலுக்கு வந்தது. இப்போது வட்ஸ்அப்பில் உலவுகிறது. இருபது ஆண்டுகளாகச் செய்மதி நின்றதோ இல்லையோ, இந்தப் பொய் ஒரு விநாடிகூட நிற்கவில்லை.

மாஸ்டர் படிப்பறிவற்றவர் அல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்தவர். எனவே அவரோடு வாதாட எனக்கு மனமில்லை. "மாஸ்டர், பின்னேரம் வாருங்கோ, பாத்திட்டுக் கதைப்பம்" என்று மட்டும் பதில் எழுதினேன்.

பார்க்கக்கூடிய காரியம்தான் அது. சித்தங்கேணியிலிருந்து திருநள்ளாறு நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர் வடக்கே, பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ளது. கொழும்பு எமக்கு அதைவிட இருமடங்குக்கும் மேலான தூரம். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. ஆகவே அது திருநள்ளாற்றுக்கு நேர்மேலே இருக்கும்போது, எமது முற்றத்தில் நிற்பவனுக்கு வட வானில் எழுபது பாகைக்கு மேலான உயரத்தில் தெரியும். தெற்கிலிருந்து பார்க்கும் ஒருவனுக்குத் திருநள்ளாற்று வானத்தை எமது குடாநாடு வசதியாகவே காட்டும். நிலையம் எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்தத் திசையில் எழும் என்பதை நாசாவே சொல்லிவிடுகிறது. அன்றைய கடவை வசதியாக அமைந்திருந்தது: தென்மேற்கில் எழுந்து, கிட்டத்தட்ட உச்சியைத் தொட்டு, வடகிழக்கில் இறங்குவது.

சொன்ன நிமிடத்தில் காரைநகர்ப் பக்கத்துப் பனைகளுக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி எழுந்தது. விமானத்தைப்போல் சிமிட்டவில்லை, ஓசையும் இல்லை. ஏற ஏற ஒளி மிகுந்தது. உச்சியை நெருங்கியபோது வெள்ளியைப்போல் சுடர்ந்தது. தொலைநோக்கியில் அதைப் பிடிப்பது எளிதன்று. உச்சியை அண்மிக்கையில் விநாடிக்கு ஒரு பாகைக்கு மேல் நகர்கிறது. ஐம்பது மடங்கு பெருக்கத்தில் கண்ணில் விழும் வட்டமே ஒரு பாகைதான். அதாவது, நீங்கள் குழாயை அசைக்காது நின்றால் ஒரு விநாடிக்குள் வந்து, ஒரு விநாடிக்குள் போய்விடும். சிறு குறிநோக்கியில் ஒரு கண்ணை வைத்து, குழாயைக் கையால் தள்ளிக்கொண்டே அதற்கு முன்னே ஓட வேண்டும். மூன்று முறை தவறவிட்டேன். நான்காம் முறை அகப்பட்டது. நடுவே வெண்மையான ஒரு குறுக்குத்தண்டு. இருபுறமும் பொன்னிறச் சூரியத் தகடுகள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 109 மீற்றர். சிறுமிகள் இருவரும் ஆளுக்கு ஓரிரு கணங்கள் கண்டார்கள். மாஸ்டரின் பேத்தி "அதுக்குள்ள ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டாள். இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு நவம்பர் 2 முதல் ஒருநாளும் ஆளின்றி அந்த வீடு இருந்ததில்லை.

மாஸ்டர் தொலைநோக்கியை நாடவில்லை. அண்ணாந்து வெறுங்கண்ணாலேயே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் கடிகாரம். வடக்கே திருநள்ளாற்று வானத்தை அது கடந்தது. நிற்கவில்லை. தயங்கவில்லை. தொடர்ந்து வடகிழக்கே சென்று, அடிவானத்தை அடையுமுன் நடுவழியில் மங்கி மறைந்தது. "அணைஞ்சு போச்சே!" என்றார் மாஸ்டர். அணையவில்லை, பூமியின் நிழலுக்குள் நுழைந்தது. எமக்கு இருட்டி, அதற்கு இன்னும் வெயில் இருக்கும் வேளையில்தான் அதை நாம் காண முடியும். வெயில் போனால் அது இருந்தும் தெரியாது.

நான் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, பிறகு சொன்னார்: "இது நிக்கேல்லைத்தான். நிக்கிறது வேற செய்மதியாக்கும்."

நிற்க. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

மூன்று விநாடி நிற்றல் என்றால் என்னவென்று இச்செய்தியைப் பகிர்வோர் ஒரு தடவையாவது கணக்குப் பார்த்ததுண்டா? நிலையத்தின் வேகம் விநாடிக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல். அந்த வேகமே அதை மேலே வைத்திருக்கிறது. எரிபொருளோ கயிறோ அல்ல. வேகத்தை எடுத்துவிட்டால் எறிந்த கல்லைப்போல் விழும். ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஒன்றை மூன்று விநாடிக்குள் நிறுத்துவதானால், உள்ளிருப்போர் மீது புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 260 மடங்கு விசை தாக்கும். எலும்பும் மிஞ்சாது. 2025ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் சுபான்ஷு சுக்லா என்ற இந்திய வீரர் 18 நாட்கள் அந்நிலையத்தில் தங்கி, நலமாக வீடு திரும்பினார். தமிழகத்தின் மேலாகவும் பறந்தார். ஓரிடத்தில் வண்டி நின்றதாக அவர் சொல்லவில்லை. மேலும் ஒன்று: மூன்று விநாடியில் அது 23 கிலோமீற்றர் போகிறது. உச்சிவானில் அது முழுநிலவின் அகலத்தைப்போல் ஆறு மடங்கு தூரம். அவ்வளவு தூரம் பின்தங்கினால் கண்டுபிடிக்க நாசா வேண்டாம். சித்தங்கேணியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று போதும்.

"வேறு செய்மதி" என்று சொன்னால் இந்தக் கணக்கு மாறுமா? மாறாது. உயர்ந்த பாதையில் செல்வன சற்று மெதுவாகப் போகும், அவ்வளவே. நின்றால் விழும் என்ற விதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலநடுக்கோட்டுக்கு மேல் உள்ள தொலைக்காட்சிச் செய்மதிகள் நின்றிருப்பதுபோல் தோன்றுவதும், அவை பூமியோடு சேர்ந்து இருபத்துநான்கு மணிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருப்பதாலேயே.

மாஸ்டரைக் குறைசொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்பீர்களானால், இல்லை என்பதே என் பதில். 2000களின் நடுப்பகுதியில், நான் பணியாற்றிய பத்திரிகையொன்றின் ஆன்மிகப் பக்கத்தில் இதே செய்தி வெளிவந்தது. அன்றிரவு பக்கங்களைக் கடைசியாகப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவன் நான். அரசியல் செய்தியாக இருந்திருந்தால், "யார் சொன்னது? எப்போது? எங்கே?" என்று நிருபரை உலுக்கியிருப்பேன். ஆன்மிகம்தானே, யாருக்கு என்ன கேடு என்று கையெழுத்திட்டேன். அந்தச் செய்தியில் விஞ்ஞானியின் பெயரில்லை, செய்மதியின் பெயரில்லை, நாளில்லை, நேரமில்லை. திருநள்ளாற்றின் மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர், சனீஸ்வரனுக்கு அங்கு இருப்பது தனிச்சந்நிதி என்ற சிறு செய்திகூட இல்லை. நாற்பது ஆண்டு பத்திரிகைத் தொழிலில் நான் விட்ட பிழைகள் பல. திருத்தம் வெளியிடாத பிழை அது. இன்று இங்கே வெளியிடுகிறேன்: அச்செய்தி பொய். அதை நான் அச்சேற்றினேன். வருந்துகிறேன்.

யாருக்கு என்ன கேடு என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்காக இருந்ததில்லை. பொம்மர் வருகிறதா, கெலி சுற்றுகிறதா என்று பார்த்து, பதுங்குகுழிக்கு ஓடுவதற்காகவே அண்ணாந்தோம். தொண்ணூறுகளின் முற்பகுதியில் மின்சாரம் அறவே இல்லாத அந்த இரவுகளில் விண்மீன்கள் கொட்டிக் கிடந்தன, இரசிக்க ஆளில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஒரு வார்த்தை உண்மையா பொய்யா என்பதில் உயிர் தங்கியிருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது நானும் அந்தச் சனத்துள் ஒருவன். நாவற்குழிப் பக்கம் போகுமுன், "பாலம் உடைஞ்சு போச்சாம்" என்று முன்னாலிருந்து ஒரு சொல் வந்தது. யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. பின்னாலிருந்தோர் திரும்ப முற்பட்டார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்தோர் முன்னே தள்ளினார்கள். கிழவர்களும் குழந்தைகளும் நடுவே நசுங்கினார்கள். பாலம் உடைந்திருக்கவில்லை. போய்ப் பார்த்த ஒருவர் திரும்பிவந்து சொன்ன பிறகே சனம் நகர்ந்தது. போய்ப் பார்த்த அந்த ஒருவரின் பெயரை நான் அறியேன். ஆனால் பத்திரிகைத் தொழில் என்பது அவருடைய தொழில்தான் என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

நல்ல பொய், கெட்ட பொய் என்று இரண்டு இல்லை. கேட்டவுடன் நம்பிக் கடத்தும் பழக்கம் ஒன்றுதான் உண்டு. கோயில் பெயரால் பழக்கப்படுத்திய கையே நாளை கலவரத்தின் பெயரால் வரும் செய்தியையும் கடத்தும்.

இதற்கு வரும் முதல் மறுப்பை நான் அறிவேன். "எங்கள் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, நீர் அவர்களை அவமதிக்கிறீர்." அன்பரே, முன்னோரை அவமதிப்பது யார் என்று பார்ப்போம்.

ஜோன் வாரன் என்ற இராணுவ அதிகாரி தென்னிந்தியக் காலக்கணிப்பு முறைகளை ஆராய்ந்து, 'காலசங்கலிதம்' என்ற நூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவர் முன் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, எழுத்துக் கணக்கு ஏதுமின்றி, அவ்வாண்டு மே 31 இரவு நிகழ்ந்த சந்திரகிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடம். நடு நேரத்தில் இருபத்துமூன்று நிமிடம். முடிவு நேரத்தில் ஐம்பத்திரண்டு நிமிடம். நான்கு நிமிடத்தைப் பார்த்து வியப்பதா, ஐம்பத்திரண்டு நிமிடத்தைப் பார்த்து நகைப்பதா என்பது உங்கள் விருப்பம். நான் வணங்குவது வேறொன்றை. அந்த மனிதர் நேரம் சொன்னார். சொன்ன நேரத்தில் வானத்தைப் பார்த்து, தாம் சரியா பிழையா என்று எவரும் அளக்கலாம் என்று இடங்கொடுத்தார். அதுதான் அறிவு. பொய்த்துப்போகக் கூடிய வகையில் ஒன்றைச் சொல்லும் துணிவு அது. இன்று நீங்கள் பகிரும் செய்தியில் அந்தத் துணிவு எங்கே? செய்மதி ஒன்று நிற்கவில்லை என்று காட்டினால், "வேறு செய்மதி" என்று நழுவுகிறது. அது சோழி பரப்பிய அந்தக் கணிதரின் வாரிசு அன்று, அவருக்கு நேரெதிர்.

எமது ஊருக்கும் அப்படியொரு வரலாறு உண்டு. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் வட்டுக்கோட்டை, அதையடுத்து அராலி. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் வானியல் கற்பிக்கப்பட்டது. 1829 மார்ச் மாதச் சந்திரகிரகணத்தைப் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கமும் மிஷனரிமாரின் கணிப்பும் நேரத்திலும் மறைப்பின் அளவிலும் வேறுபட்டன. ஊர்ச் சனங்கள் கூடிநின்று வானத்தைப் பார்த்தார்கள். மிஷனரிமாரின் கணிப்பே சரியாக இருந்தது. அன்று தோற்றது ஒரு கணக்கு. கணக்கிடும் மரபு அன்று. தோற்கக்கூடிய இடத்தில் நின்றதாலேயே அது மரபு.

மிஷனரிமாரையும் நான் சும்மா விடுவதற்கில்லை. அந்த வெற்றியை அவர்கள் சைவம் பொய் என்பதற்குச் சான்றாகக் காட்டினார்கள். கிரகணத்தின் நிமிடக் கணக்கு பிழைத்தால் சிவன் பொய்த்துப்போவாரா? அதுவும் குதர்க்கம்தான். ஆயினும் அவர்களுள் ஒருவரான ஹொய்சிங்டன், தமிழரின் வானியல் முறையை முறையாகக் கற்று, 1848இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு யாழ்ப்பாணத்தில் நூலாக அச்சிட்டார். மறுக்க வந்தவர் எமது கணிதத்தைக் கற்றார். பெருமை பேச வந்த நாம் அதைத் திறந்தும் பார்க்கவில்லை.

இந்நோய் தமிழனுக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். இலங்கையின் முதற் செய்மதியான 'இராவணா-1' 2019 ஜூன் 17 அன்று இதே விண்வெளி நிலையத்திலிருந்துதான் விண்ணில் விடப்பட்டது. யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கை இளைஞர் இருவர் ஆக்கியது. ஓர் அடிக்கும் குறைவான பெட்டி. உழைத்துச் செய்த அந்தச் சிறு பெட்டி போதாதென்று, அடுத்த ஆண்டு 2020 ஜூலையில், இராவணன் வானூர்தி ஓட்டியதற்கான ஆவணங்கள் உள்ளோர் தருக என்று சிவில் விமானப் போக்குவரத்துத் துறை பத்திரிகையில் விளம்பரம் செய்தது. தெற்கே இராவணனின் விமானம். வடக்கே சனியின் கருநீலக் கதிர். மற்றெல்லாவற்றிலும் பிரிந்து நிற்கும் இருவரும் இதில் மட்டும் ஒரே தொட்டிலில் உறங்குகிறோம்.

இரண்டாவது மறுப்பு: "நம்பிக்கையைப் புண்படுத்தாதே." புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிப்பவன் நானும். திருநள்ளாறு தேவாரம் பெற்ற தலம். சம்பந்தர் பாடிய ஓர் ஊருக்கு நாசாவின் நற்சான்றுப் பத்திரம் வேண்டும் என்று நினைப்பதல்லவா புண்படுத்தல்? வெள்ளைக்காரன் வந்து கும்பிட்டான் என்றால்தான் எமது கடவுள் பெரியவர் என்ற எண்ணத்தை, இரு நூற்றாண்டுகளுக்கு முன் வந்த மிஷனரிமாராலும் எம்முள் விதைக்க முடியவில்லை, நாமே விதைத்துக்கொண்டோம்.

அன்பர்களே, எமது நூலகத்தை 1981இல் பிறர் எரித்தார்கள். தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. அதற்காக இன்றும் அழுகிறோம்; அழத்தான் வேண்டும். ஆனால் பார்த்து, அளந்து, பிறகு நம்பும் பழக்கத்தைப் பிறர் வந்து எரிக்கவில்லை. அதை நாமே நாள்தோறும் கைப்பேசியில் எரிக்கிறோம்.

2010 ஜனவரி 15 அன்று கங்கண சூரியகிரகணம் எமது குடாநாட்டின் மேலாகச் சென்றது. இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட கங்கண கிரகணம் அது. போர் முடிந்து எட்டு மாதம். 2019 டிசம்பர் 26 அன்று மீண்டும் ஒன்று. பத்தாண்டுக்குள் இரு தடவை சூரியன் எங்கள் தலைக்கு மேல் மோதிரமாக நின்றது. உலகின் வேறு பகுதிகளில் இதற்காகக் கடல் கடந்து போகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் இரு தடவையும் பெரும்பாலான வீடுகளின் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன; பிள்ளைகள் உள்ளே அடைக்கப்பட்டிருந்தார்கள்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். வளைவு கட்டினீர்கள், சிலை வைத்தீர்கள், மண்டபத்துக்குப் பளிங்கு பதித்தீர்கள். நல்லது. இனி உங்கள் பாடசாலைக்கு ஓர் ஆறங்குலத் தொலைநோக்கி அனுப்புங்கள். ஒன்றுகூடல் ஒன்றின் இராச்சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும். அதில் நிலவின் குழிகள் தெரியும். வியாழனின் நான்கு துணைக்கோள்கள் தெரியும். சனியின் வளையமும் தெரியும். கருநீலக் கதிர் வருகிறதா என்பதை அந்தச் சனியிடமே பிள்ளைகள் கேட்டறியட்டும். விண்வெளி நிலையத்தைக் காண நாள் அதிகமில்லை. 2030 வரை இயக்கி, அதன்பின் பசிபிக் கடலில் வீழ்த்தி முடிப்பதே திட்டம். முதற்பகுதி 1998 நவம்பரில் ஏவப்பட்டபோது, ஊரடங்குள் இருந்த எமது பிள்ளைகள் இரவில் முற்றத்துக்கு வரமுடியாதிருந்தது. அது விழுமுன்னராவது இன்றைய பிள்ளைகள் காணட்டும்.

நீங்கள் ரொறன்ரோவில் இருந்தாலும், இலண்டனில், சிட்னியில், சென்னையில் இருந்தாலும் அது உங்கள் வீட்டுக்கு மேலாகவும் போகிறது. தொலைநோக்கி தேவையில்லை. ஆறு நிமிடம் வெளியே வந்து பாருங்கள். அதன் பிறகும் அந்தச் செய்தியைப் பகிர மனம் வந்தால், பகிருங்கள்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த கடவை நான்கு நாள் கழித்து, விடியற்காலை நாலே முக்காலுக்கு. படலை தட்டும் ஓசை கேட்டு எழுந்தேன். மாஸ்டர், பேத்தியோடு. கையில் அதே கடிகாரம். கூடவே ஒரு கொப்பி. "அண்ணை, இந்த முறை நேரத்தை எழுதிப் பாப்பம்" என்றார்.